ஸ்பானிஷில் கோபப்படவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிஷ் படிக்கிற பிள்ளைகளுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த பகுதியைப் பார்த்தேன். வணக்கம், நன்றி, என் பெயர் இன்னது, ஒரு காபி கொடுங்கள், எல்லாம் சரி. எரிச்சல் வந்தால் என்ன சொல்வதாம்? இங்கே பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் 12 வயது வாக்கில் பிள்ளைகள் இரண்டாவது அந்நிய மொழி எடுக்கிறார்கள், நிறையப் பேர் ஸ்பானிஷ்தான், என் மகளும் அப்படித்தான். அவள் புத்தகத்திலும் எல்லோரும் எந்நேரமும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், தம்பி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் சொல்வதற்கு அதில் ஒரு வரி இல்லை.

என் ஆதங்கம் என்னவென்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரக்கூடியது. பிடித்ததைச் சொல்ல பிரெஞ்சில் 'ழேம்' என்று 'நான்' போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்பானிஷில் 'மே குஸ்தா', அப்படியே நம்ம 'எனக்குப் பிடிக்கும்'. எரிச்சலுக்கும் அதே அச்சுதான்: 'மே மொலெஸ்தா' எனக்கு எரிச்சலாக இருக்கிறது, 'மே தா ராபியா' எனக்குக் கோபம் வருகிறது. (பிரெஞ்சிலும் 'நான்' போடாமல் எரிச்சலைச் சொல்ல 'ஸா மேனேர்வ்' உண்டே என்று யாராவது எழுதுவார்கள், உண்டுதான்.) வகுப்பில் எல்லாவற்றையும் பிரெஞ்சு வழியாகவே விளக்குவதால், பாட்டியோடு தினமும் தமிழ் பேசுகிற பிள்ளைகூட 'நான்' என்பதற்கான 'யோ'வைப் போட்டு 'யோ குஸ்தோ' என்று தப்பாக எழுதிவைத்துவிட்டு வருகிறது.

கஷ்டமான இடமும் உண்டு. நீ கத்துகிறாய் என்றால் 'கிரித்தாஸ்', நீ கத்துவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்றால் 'மே மொலெஸ்தா கே கிரித்தெஸ்'. எரிச்சலைச் சொன்னவுடன் பின்னால் வருகிற வினையின் வால் மாறிவிடும். இதற்குத் தமிழ் உதவாது, சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும், அதற்கு அக்கா தம்பி சண்டையைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அப்புறம் யாரிடம் எதைச் சொல்வது. அலுத்துப்போச்சு என்பதற்குப் பையன் 'எஸ்தோய் ஆர்த்தோ' என்பான், பெண் 'ஆர்த்தா' என்பாள், இது எங்கும் செல்லும். ஸ்பெயினில் 'எஸ்தோய் அஸ்தா லாஸ் நாரிசெஸ்' என்பார்கள், மூக்குவரை வந்துவிட்டதாம், நண்பர்களிடம் சரி, வாத்தியாரிடம் வேண்டாம். மூக்கு இருக்கிற இடத்தில் வேறு உறுப்பை வைத்தும் சொல்வதுண்டு, அதை உங்கள் பத்திரிகையில் எழுத முடியாது, ஆனால் நாம் சொல்லித்தராவிட்டால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் இன்டர்நெட்டில் பிடித்துக்கொள்வார்கள். கோபமாக இருக்கிறேன் என்பதற்கு ஸ்பெயினில் 'என்ஃபதாதோ', மெக்சிகோ பக்கம் 'எனோஹாதோ' என்பதையும் சேர்த்து அடுத்த பகுதியில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேன் தெனி, ரியூனியன்