நீ தினமும் கடந்து போகும் கட்டடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போன ஞாயிறு போனில் பேசும்போது, உன் கானாத் தோழி மார்ச் 6 தங்கள் சுதந்திர தினம் என்று ஜொலோஃப் சோறு ஆக்கிப் போட்டதைச் சொன்னாய். "யாரும்மா அந்த நிக்ரூமா? வாய்க்கு வாய் அவர் பேரைச் சொல்றா" என்றும் கேட்டாய். நான் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளுக்கு அதற்குப் பிறகு மனசு ஆறவில்லை. கானாவின் விடுதலைப் போராட்டத்தை நடத்தி, அந்த நாட்டின் முதல் பிரதமரானவர் அவர்.

மான்செஸ்டரில் ஆல் செயின்ட்ஸ் பூங்கா வழியாகத்தானே கல்லூரிக்குப் போகிறாய்? அதன் எதிரே தூண் வைத்த பழைய கட்டட முகப்பு ஒன்று இருக்கும். அது ஒரு காலத்தில் சோர்ல்டன் ஆன் மெட்லாக் நகர மன்றம். 1945 அக்டோபர் 15 முதல் 21 வரை, கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய ஐந்தாவது அனைத்து ஆப்பிரிக்க மாநாடு அங்கேதான் நடந்தது. வந்தவர்கள் தொண்ணூறு பேர் அளவில்தான், ஒரு கல்யாணப் பந்தியில் பாதிகூட வராது. அவர்களில் முப்பத்தாறு வயது குவாமே நிக்ரூமா ஒருவர், பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா இன்னொருவர். அமெரிக்காவிலிருந்து கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் வந்திருந்தார். 1919இல் பாரிஸில் இந்த மாநாட்டு வரிசையைத் தொடங்கியவர் அவர். மான்செஸ்டருக்கு வந்தபோது அவருக்கு 77 வயது.

எனக்கு அதில் பிடித்தது பெரிய பெயர்கள் அல்ல. முந்தைய மாநாடுகளில் பெரும்பாலும் படித்தவர்கள் கூடி, ஆட்சியாளர்களிடம் மரியாதையாகக் கோரிக்கை வைத்தார்கள். மான்செஸ்டருக்குத் தொழிற்சங்கக்காரர்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வேலைநிறுத்தம் நடத்திப் பழகியவர்கள் அவர்கள். அதனால் பேச்சே மாறிப்போனது. படிப்படியாகச் சீர்திருத்தம் தாருங்கள் என்று கேட்காமல், சுதந்திரம் வேண்டும் என்றார்கள். வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும்தான் நம் ஆயுதம் என்று காலனி நாட்டுத் தொழிலாளருக்கும் விவசாயிக்கும் அறிக்கை விட்டார்கள். செலவுக்குப் பணம்? கயானாவில் பிறந்த ராஸ் மகோனன் உன் ஊரில் உணவகங்கள் நடத்தினார். அந்த லாபத்தில் ஒரு பங்கு மாநாட்டுக்குப் போனது. முதல் நாள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது ஜமைக்காவைச் சேர்ந்த ஏமி ஆஷ்வுட் கார்வி என்கிற பெண். கறுப்பின மக்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, கறுப்பினப் பெண்ணைப் பற்றிப் பேசினோமா என்று அவர் அந்த மாநாட்டிலேயே கேட்டார். இதைப் படித்தபோது எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.

நிக்ரூமா 1947 டிசம்பரில் ஊர் திரும்பினார். அப்போது அந்த நாட்டுக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர். அவர் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1948 பிப்ரவரி 28 அன்று, பிரிட்டனுக்காக இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய வீரர்கள், சொன்னபடி பென்ஷனும் வேலையும் வரவில்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுக்க அக்ராவில் ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதம் இல்லை. ஆளுநர் இருந்த கோட்டைக்குப் போகும் சந்திப்பில் போலீஸ் சுட்டது. அட்ஜெட்டே, அட்டிபோ, ஓடார்ட்டே லாம்ப்டே என்று மூன்று பேர் இறந்தார்கள். நகரமே கொதித்தது. ஒன்பது வருஷத்தில், 1957 மார்ச் 6 அன்று கானா பிறந்தது.

அந்த வீரர்களில் பலர் போரிட்டது பர்மாவில். தாத்தா பட்டாளத்தில் இருந்த அதே பர்மா! அரக்கானில் பாதை இல்லாத காட்டில் ஆப்பிரிக்கர்கள் தலைச்சுமையாகவே பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனதை அவர் சொல்வார். "நம்ம ஊர்ல பொம்பளைங்க குடம் வைக்கிற மாதிரி, கை விட்டு நடப்பானுங்க" என்பார். நான் சின்னப் பெண், சிரிப்பேன். அவர்கள் யார், எந்த ஊர், திரும்பிப் போய் என்ன ஆனார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தாத்தாவுக்குக் கடைசிவரை பென்ஷன் வந்தது. அவரோடு அதே காட்டில் நடந்தவர்கள் பென்ஷன் கேட்கப் போய் குண்டடி பட்டார்கள் என்பது, அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நிக்ரூமாவை நான் குறையே இல்லாதவராகச் சொல்லவில்லை. 1958இல் விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் கொண்டுவந்தார். தன்னோடு போராடிய டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், ஆப்பிரிக்கா முழுவதும் விடுபடாமல் கானாவின் விடுதலைக்கு அர்த்தமில்லை என்று சுதந்திரம் வந்த அந்த இரவிலேயே சொன்னவர் அவர். உன் தோழி அவர் பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, ஒன்று செய். அடுத்த முறை அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது அவளையும் கூட்டிப் போ. சுவரில் நினைவுப் பலகை இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம், அவள் வீட்டில் யாராவது பர்மாவுக்குப் போனார்களா என்று கேள். தாத்தா சொன்ன தலைச்சுமைக் கதையையும் அவளிடம் சொல்.

அன்புடன்,
அம்மா