செயலாளர் ஆண்டறிக்கை: கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஊர்களிலிருந்து வந்திருக்கும் ஆய்வக நுட்புநர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பொழுது, கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்கும் பிரீ-எக்லாம்ப்சியாவுக்கே போயிற்று. 20 வாரத்துக்குப் பின் பிரஷர் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் நோய் பிடிபட்டுவிடும். அது எங்கே போய் நிற்கும் என்பதை ரத்தத்தில்தான் தேட வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழ், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-க்கு மேல், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இயல்பளவைப் போல் இரு மடங்கு: இவற்றில் ஒன்று வந்தாலே கடும் நிலை.

அந்த எல்லை வரும்வரை நாம் வாய்மூடி இருக்கக் கூடாது. கர்ப்பிணிக்குக் கிரியாட்டினின் பெரும்பாலும் 0.4–0.8 தான். 1.0 வந்தாலும் நம் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்கிறது. பிளேட்லெட் இரண்டே வாரத்தில் 2.4 லட்சத்திலிருந்து 1.5 லட்சத்துக்கு இறங்கினாலும் அதே ‘நார்மல்’. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும் பெண்ணின் பழைய ரிப்போர்ட் புகுந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறது. வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, முந்தைய எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கர்ப்பிணிக்குரிய இயல்பளவைத் தனியாக அச்சிடுங்கள்.

அதிகம் விவாதித்தது ரத்தம் எடுக்கும் முறையை. மெல்லிய ஊசியில் இழுத்து, சிரிஞ்சை அழுத்திக் குழாயில் பீய்ச்சினால் சிவப்பணு உடையும், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சிவக்கும், அணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.எச்., எஸ்.ஜி.ஓ.டி. நொதிகள் பொய்யாக ஏறும். உடலுக்குள்ளேயே சிவப்பணு உடைந்து, கல்லீரல் கெட்டு, பிளேட்லெட் குறையும் ஹெல்ப் எனப்படும் உயிராபத்தான நிலையிலும் இதே எண்கள்தாம்! ஆகவே சிவந்த சீரத்தைக் கொட்டிவிட்டு மறந்துவிட வேண்டாம். 21 நம்பர் ஊசியில் மறுபடி எடுங்கள். அதுவும் சிவந்தால் ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில்) உடைந்த அணுக்களைத் தேடுங்கள். டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பி 8–10 முறை மெல்லக் கவிழ்க்காவிட்டால் ரத்தம் உறைந்து, மெஷின் பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டும். ஸ்மியரில் பிளேட்லெட் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள்.

புதிதாகப் பேசப்படுவது எஸ்-எஃப்.எல்.டி.-1, பி.எல்.ஜி.எஃப். என்ற இரு ரத்தப் புரதங்களின் விகிதம். நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி ரத்தத்தில் விடும் முதலாவது, ரத்தக்குழாயைக் காக்கும் இரண்டாவதைப் பிடித்து முடக்கிவிடுகிறது. 2003-ல் இதைக் காட்டிய குழுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமாஞ்சி இருந்தது நமக்குப் பெருமை. நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருக்கும் பெண்ணுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு அநேகமாக நோய் வராது. பிரஷருக்காக அட்மிட் ஆனவருக்கு, 23–35 வாரத்தில் 40-ம் அதற்கு மேலும் என்றால் இரு வாரத்துக்குள் முற்றும் வாய்ப்பு அதிகம். இதற்கு 2023-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. 38 ஒரு கருவியின் எல்லை, 40 வேறொரு கருவியின் எல்லை, மாற்றிப் படிக்காதீர்கள். விகிதம் குறைவென்று 160/110 பிரஷரை விட்டுவைக்கவும் கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கர்ப்பிணிக்குப் பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே வந்தால் ரிப்போர்ட் அச்சாகும் முன்பே டாக்டருக்குப் போன் போக வேண்டும், கவரில் போட்டு உறவினரிடம் கொடுத்தனுப்புவதோடு நிற்கக் கூடாது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்