வழிகாட்டி மலர் ஜனவரியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரத்தில் தங்கள் இதழுடன் வந்த உயர்கல்வி வழிகாட்டி மலரை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். உழைத்துச் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் படித்து முடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறுமுகநேரியில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடையும் கணினி மையமும் நடத்துகிறேன். மே, ஜூன் மாதங்களில் என் கடை விண்ணப்பக் கடையாக மாறிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவருவார்கள். அப்பா பேசுவார்; பிள்ளை கதவோரம் நிற்கும். "இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்ற பேச்சு, கட்டணம் கட்டப் போகும் கடைசி நிமிடத்தில் சில சமயம் வரும், பல சமயம் வராது.

சென்ற ஆண்டு பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு மீனவர் தம் மகனோடு வந்தார். பையனுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர ஆசை. 1977 முதல் இருக்கிற கல்லூரி, எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். பாறை மீனில் மட்டும் எத்தனை வகை, எது எந்தக் காற்றில் கரைப்பக்கம் வரும் என்று பையன் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "பிளஸ் டூவில் என்ன குரூப் தம்பி?" என்றேன். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்றான். இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காமல் மீன்வளப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. "ஏன் இந்தக் குரூப்பை எடுத்தாய்?" என்று கேட்டேன். "நான் எடுக்கவில்லை அண்ணாச்சி, கொடுத்தார்கள்" என்றான்.

அந்த 'கொடுத்தார்கள்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிறது. அதிக மதிப்பெண்ணுக்கு உயிரியல், கணிதம் உள்ள முதல் குரூப். அதற்கடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ். மிச்சமிருப்பவர்களுக்குக் காமர்ஸ், தொழிற்கல்விப் பிரிவு. ரேஷன் கடை வரிசைபோல இது நடந்து முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையும், தாம் பள்ளி முடிக்காத பெற்றோரும் அந்த ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பெண் இரண்டு ஆண்டு கழித்து பி.எஸ்சி. நர்சிங் கேட்டு வருகிறாள், உயிரியல் இல்லை. கணிதம் இல்லாத குரூப்பில் படித்தவன் பி.இ. கேட்டு வருகிறான், பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் 200 கட்ஆப் மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கு என்பதையே என் கடையில்தான் முதன்முதலில் கேள்விப்படுகிறான். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. சேர்க்கை நாளில் அவர்கள் மேசைமுன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன்.

காமர்ஸ் என்றால் மட்டம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். கணக்குத் தணிக்கையாளர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான பவுண்டேஷன் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். அதற்குப் பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே பதிவு செய்துவைக்கலாம். இதை அந்தப் பையனிடம் பிளஸ் ஒன்னில் யாராவது சொல்லியிருந்தால், மீன் போனாலும் வேறொன்றைப் பிடித்திருப்பான். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போகிறவனை ஊரில் 'படிப்பு ஏறாதவன்' என்கிறார்கள். மூன்றாண்டு டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும் என்று சொன்னால் பாதிப் பேர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று தேதி. முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு இப்போது முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வழி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை சேர 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2025இல் அதற்கு மார்ச் மாதத்தோடு விண்ணப்பம் முடிந்துவிட்டது. பேஷன் தொழில்நுட்பக் கல்லூரியான நிஃப்ட், ஓட்டல் மேலாண்மைக்கான தேசிய நுழைவுத் தேர்வு எல்லாமே பிளஸ் டூ முடிவுக்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறவை. நாள் முழுக்கக் கணினிமுன் உட்கார்ந்திருக்கும் நானே இதில் ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அக்காள் மகளுக்கு அறிவியல் ஆராய்ச்சிப் படிப்பில் விருப்பம். திருவனந்தபுரத்தில் இருக்கும் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பெருமையாக மே மாதம் பக்கத்தைத் திறந்தேன். கடைசித் தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காள்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச் மாதம், மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தரும் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதே ஆண்டு, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உயர்கல்வி வழி சொல்லும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் தொடங்கின. அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்த பிள்ளைகள் என் கடையில் வந்து கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கின்றன. ஆனால் அவர்களும் குரூப் எடுத்து இரண்டு ஆண்டு ஓடிய பிறகு கேட்கிறவர்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதைதான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. இது தெரியாமல் பிள்ளையை ஏழாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றி, கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த ஓர் அம்மாவுக்கு, அந்த ஒதுக்கீட்டில் இடமில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்கு வாங்கும் ஐம்பது ரூபாயை அன்று அவரிடம் வாங்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாத மலர் வரட்டும்; அதை நம்பி என் தொழிலும் இருக்கிறது. கூடவே ஜனவரியில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பாக, ஒரே ஒரு பக்கம் போடுங்கள். எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போகவே முடியாது என்ற அட்டவணை. அதே பக்கத்தின் அடியில், பிளஸ் டூ படிப்பவர்களுக்காக நுழைவுத் தேர்வுகளின் கடைசித் தேதிகள். நிபுணர் பேட்டி, சாதனையாளர் படம் எதுவும் வேண்டாம். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். படிக்கப்போவது பெரும்பாலும் அப்பாக்கள்.

அப்படி வந்தால் பத்துப் பிரதி கூடுதலாக வாங்கி, எங்கள் பஸ் நிறுத்தத்திலும் ஐஸ் கம்பெனிச் சுவரிலும் நானே ஒட்டிவிடுகிறேன். பசை என் செலவு.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகன்,
ஆறுமுகநேரி, தூத்துக்குடி மாவட்டம்.