மேகப் படத்துக்குக் கீழே 'சோகம்' எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஆறு கருப்பு வெள்ளை மேகப் படங்களும் அருமை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே 'சோகம்', 'தனிமை', 'நம்பிக்கை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. படத்துக்கு முன்பே கண் அந்தச் சொல்லில் போய் விழுகிறது, அப்புறம் என்ன, சோகம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டேதான் மேகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வகைப் படம் என்றாலே நினைவுக்கு வருபவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். அவருடைய உருவப்படங்கள் அவ்வளவு வலுவாக இருப்பதற்குக் காரணம், எதிரே உட்காருபவர்களை அவர் வசியம் செய்துவிடுவதுதான் என்று ஒரு விமர்சகர் எழுதப்போக, சரி, மேகத்தை யார் வசியம் செய்ய முடியும் என்று 1922இல் லேக் ஜார்ஜ் ஏரிக்கரை வீட்டில் கேமராவை வானத்துப் பக்கம் திருப்பினார் மனிதர். அவருடைய அம்மா மரணப் படுக்கையில் இருந்த சமயம் அது. முதலில் 'இசை', 'வானத்தின் பாடல்கள்' என்றெல்லாம் பெயர் வைத்தவர், 1925 முதல் 'ஈக்விவலன்ட்' என்ற ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டார். நிகரானது என்று அர்த்தம். எதற்கு நிகர்? அதைப் படத்துக்குக் கீழே எழுதவில்லை. 200க்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் உள்ளங்கை அளவு, பலவற்றில் மரமோ தரையோ கிடையாது, எது மேல் எது கீழ் என்றே புரியாது.

நானும் பல வருடங்களாக மேகம் எடுக்கிறவன். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரை, அதாவது நிறக் கண்ணாடியைப் போட்டால் அது நீல ஒளியைத் தடுத்துவிடும், நட்டநடுப் பகலிலும் வானம் கன்னங்கரேல் என்று ஆகி மேகம் வெள்ளையாகப் பிதுங்கி நிற்கும். மஞ்சள் என்றால் லேசாகத்தான் இருட்டும். எதுவும் போடாவிட்டால் மேகமும் வானமும் ஒன்றோடொன்று கலந்து வெளிறிப்போகலாம். ஒரே மேகம்தான், பார்க்கிறவர் மனதில் மூன்று விதமாக இறங்கும்.

என்னுடைய படம் ஒன்றைப் பார்த்த நண்பர், "வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டார். என் மகள் முதல்முறையாகத் தத்தித் தத்தி நடந்த அன்று, நல்ல வெயிலில் எடுத்தது! அவர் பார்வை தவறு என்றும் சொல்ல மாட்டேன். சிவப்பு ஃபில்டர் போதாதென்று பிரிண்ட் போடும்போது அந்தக் கருப்பை இன்னும் கொஞ்சம் கூட்டியது நான்தானே, ஏன் கூட்டினேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

அதனால் அடுத்த முறை படத்துக்குக் கீழே ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால், எடுத்த நேரத்தையும் ஃபில்டரையும் மட்டும் போடுங்கள்.

பின்குறிப்பு: ஐந்தாவது படம் தலைகீழாக அச்சாகிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அப்படியே இருந்தாலும் திருத்தம் வெளியிட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்