பயண நேரத்தைத் தவறாகக் காட்டிய உங்கள் செயலி குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: லாஸ் ஏஞ்சலஸ் – டோக்கியோ பயண நேரக் கணக்கால் தவறவிட்ட விமானம்

வணக்கம்.

இரண்டு வருடமாக உங்கள் செயலிக்குச் சந்தா கட்டி வருகிறேன். கடந்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்கு அலுவலகம் டிக்கெட் எடுத்தது. காலை 11.30-க்குக் கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். அங்கிருந்து சப்போரோவுக்கு நானே தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்ததால், உங்கள் செயலியில் போட்டுப் பார்த்தேன். தூரம் 8,750 கிலோமீட்டர், பயண நேரம் 9 மணி 43 நிமிடம் என்று காட்டியது. 17 மணி நேர வித்தியாசத்தையும் கூட்டினால் மறுநாள் பிற்பகல் 2.13. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மணி நேரம் விட்டு, 5.15 விமானத்தில் இடம் போட்டேன்.

நரிட்டாவில் இறங்கி விமானம் வந்து நின்றபோது மணி 4.40. தாமதமெல்லாம் இல்லை, அட்டவணைப்படிதான் வந்தது. குடியேற்ற வரிசையில் நிற்கும்போதே சப்போரோ விமானத்துக்குச் செக்-இன் முடிந்துவிட்டது. பணம் திரும்ப வராத டிக்கெட் வேறு.

அந்த 43 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு ஓட்டல் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று வைத்து, 8,750-ஐ 900-ஆல் வகுத்தால் 9.72 மணி நேரம். அதாவது, சரியாக 9 மணி 43 நிமிடம்! நீங்கள் செய்வது இந்த ஒரு வகுத்தல்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எதுவும் கணக்கில் இல்லை. காற்றும் இல்லை. வட பசிபிக்கின் மேலே ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. டோக்கியோ போகிற விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும், அல்லது அதைத் தவிர்க்க வடக்கே விலகிச் சுற்ற வேண்டும். எப்படிப் போனாலும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளியதில் பத்து மணி நேரத்துக்குள் வந்துவிட்டேன். உங்கள் செயலியிலோ இரண்டு திசைக்கும் அதே 9.43!

திரும்பும் பயணத்தில் தேதியும் தப்பு. மாலை 5 மணிக்கு நரிட்டாவில் ஏறினால், தேதிக் கோட்டைத் தாண்டுவதால் அதே தேதி காலை பத்து மணிவாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாம். நீங்கள் மறுநாள் என்று காட்டினீர்கள். நல்லவேளை, அதற்குள் நான் உஷாராகிவிட்டேன்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதியதற்கு, “வானிலை காரணமாக நேரம் மாறுபடலாம்” என்று ஒரு வரிப் பதில் வந்தது. குளிர்காலம் முழுக்க இருக்கிற காற்று திடீர் வானிலை ஆகுமா? விமான நிறுவனங்கள் அதையும் சேர்த்துத்தானே அட்டவணை போடுகின்றன?

சப்போரோ டிக்கெட் பணத்தையும் மீதமுள்ள சந்தாவையும் திருப்பித் தாருங்கள். ரசீதுகளை இணைத்திருக்கிறேன். திசைக்கேற்ற நேரத்தைக் காட்ட முடியாவிட்டால், அந்த எண்ணுக்குப் ‘பயண நேரம்’ என்று பெயர் வைக்காதீர்கள். ‘தூரம் வகுத்தல் 900’ என்றே போட்டுவிடுங்கள். பதினைந்து நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்