குடும்பத் திரை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், சுண்டல் தீர்வதற்குள் வந்து சேர்ந்துவிட்ட உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் கிளையாகத் தொடங்கிய இந்த வட்டத்துக்கு இது முதல் ஆண்டு. சென்ற பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் நினைவிருக்கும். தாத்தாவும் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து, யாரும் ரிமோட்டைத் தேடி ஓடாமல் பார்க்கக்கூடிய தொடராக இருக்க வேண்டும். சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்யக்கூடாது. இப்போதைய சீரியல்களில் பூஜை அறையில் நின்றுகொண்டுதான் மாமியார் சதித்திட்டமே போடுகிறார் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

மே மாத விடுமுறையில் வெள்ளோட்டம் பார்த்தோம். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும் பி பிளாக் குடும்பத்தின் யோசனைப்படி ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’. 1974 முதல் 1983 வரை அமெரிக்காவில் என்.பி.சி. ஒளிபரப்பிய தொடர். மினசோட்டாவின் வால்நட் க்ரோவ் என்ற சின்ன ஊர். ஒரே கட்டடம்தான் அங்கே வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். கடைசியில், படப்பிடிப்பு நடந்த நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டியிருந்ததால், ஊர் மொத்தத்தையும் வெடி வைத்துத் தகர்ப்பதையே கதையாக்கிவிட்டார் தொடரின் நாயகனும் தயாரிப்பாளருமான மைக்கேல் லாண்டன். அந்தத் தேவாலயத்தையும் சின்ன வீட்டையும் மட்டும் தகர்க்கவில்லை. இதைக் கேட்ட பையன்கள் நல்ல காட்சிகளை எல்லாம் விட்டுவிட்டு நாலு வாரமும் வெடிக்காகவே காத்திருந்தார்கள். காட்ட முடியவில்லை, வருத்தம்தான்.

ஜூன் முதல் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. 1987 ஜனவரி 25-இல் தூர்தர்ஷனில் தொடங்கி 1988 ஜூலை 31-இல் முடிந்தது. முதலில் 52 பகுதி என்று திட்டமிட்டு, 78-இல் வந்து நின்றது. அப்போதும் மக்களுக்குப் போதவில்லை. ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் தொடரை நிறுத்தக்கூடாது என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். ஊரடங்குக் காலத்தில், 2020 மார்ச் 28 முதல், காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மறுஒளிபரப்பானபோது நம் ஏ பிளாக்கில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு கேட்டது. தனித்தனியாகக் கேட்ட அந்தப் பாட்டை ஒன்றாக உட்கார்ந்து கேட்கலாமே என்று தோன்றியதன் விளைவுதான் இந்த வட்டம்.

ஞாயிறுக்கு இரண்டு பகுதி வீதம் 39 வாரம். இந்திதான். நாக்பூரில் பல வருடம் ரயில்வேயில் இருந்த நம் மூத்த உறுப்பினர் மைக் பிடித்து உடனுக்குடன் தமிழில் சொன்னார். அனுமன் பேசும்போது மட்டும் அவர் குரலே மாறிவிடும். தாரா சிங்குக்கு அந்த வேடம் போட்டபோது அறுபதை ஒட்டிய வயது என்று தெரிந்ததிலிருந்து நம் மூத்தோர் பகுதியில் நடை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. அம்பும் அம்பும் வானத்தில் மோதி நிற்கிற காட்சிகளில் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி இந்த ஆண்டின் முக்கிய விஷயம். எல்லோரும் பார்க்கக்கூடிய தொடர் என்றால் சங்கடமான கேள்வி எதுவும் வராது என்று நம்பித்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அந்த நம்பிக்கை வாலி வதத்தில் போனது. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரின் பல்பு, ராமர் மரத்துக்குப் பின்னால் நின்று வில்லை வளைத்த நேரத்தில் அணைந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் லிஃப்டில், சைக்கிள் ஸ்டாண்டில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: ஒளிந்து நின்று அடிக்கலாமா? நம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா கம்பனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடிபட்டுக் கிடக்கிற வாலி ராமனிடம் கேட்கிற கேள்விகளை வாசித்துக் காட்டினார். அப்புறம் அவரை விடவில்லை. வால்மீகி, துளசிதாசரோடு கம்பனையும் சாகர் எடுத்தாண்டிருக்கிறார் என்பதால், எது யாருடையது என்று படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்வது அவர் பொறுப்பாயிற்று. கம்பனில் ராவணன் சீதையைத் தொடுவதே இல்லை, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான் என்று அவர் சொன்ன அன்று சுண்டல் ஆறிப்போனது.

அக்கினிப் பிரவேசம் வந்த ஞாயிறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துளசிதாசர் வழியில், தூக்கிப் போனது சீதையின் நிழலைத்தான், உண்மைச் சீதை அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், அவளை மீட்கத்தான் தீ என்று சாகர் காட்டுகிறார். பெரியவர்களுக்கு நிம்மதி. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “அது ராமருக்குத் தெரியும். சுத்தி நின்னவங்களுக்குத் தெரியாதே? அவங்க முன்னாடி எதுக்கு?” என்று கேட்டாள். மைக்கில் இருந்தவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். தமிழாசிரியை அம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மீட்சிப் படலத்தில் கம்பனுடைய ராமன் இதைவிடக் கடுமையாகப் பேசுகிறான், வா, வாசித்துக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். அந்தப் பிள்ளை இன்னும் அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பகுதிகளை வெட்டிவிட்டுக் காட்டலாம் என்று எழுத்துமூலம் ஒரு யோசனை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. வெட்டக்கூடாது என்பதுதான் என் சொந்தக் கருத்தும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, சந்தா வந்தது, கொண்டைக்கடலையில் போனது.

வரும் ஆண்டுக்கு பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ முன்மொழியப்பட்டிருக்கிறது. 94 பகுதி, அதாவது 47 ஞாயிறு. தீபாவளி, பொங்கல், பரீட்சை எல்லாம் போக இடமிருக்குமா என்று பார்க்க வேண்டும். அதன் வசனத்தை எழுதியவர் ராஹி மாசூம் ராசா என்பதை மூன்றாம் தளத்து பாய்தான் எங்களுக்குச் சொன்னார். ‘காலம்’ கதைசொல்லியாகப் பேசுகிற அந்தத் தொடரின் முன்னுரையைத் தமிழில் தானே வாசிப்பதாகவும் பெயர் கொடுத்திருக்கிறார். சூதாட்டச் சபைப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா என்று இப்போதே இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. அவற்றை இந்தக் கூட்டத்தின் முடிவுக்கே விடுகிறேன். பேச விரும்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

கடைசியாக, பட்டாபிஷேகத்தன்று ஹாலில் விட்டுப்போன இரண்டு குடைகளும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் என்னிடம் இருக்கின்றன. டப்பாவுக்கு மூடி இல்லை, வரும்போதே இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்