எப்வொர்த் குருமனை அடுக்களையில் ஒரு தமிழ் ஊர்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் பழைய குருமனை அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வீட்டைப் பற்றி யார் பேசினாலும் தீயில்தான் தொடங்குவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1607-ஆம் ஆண்டுக் குறிப்பின்படி பழைய குருமனை மரச்சட்டத்தில் சாந்து பூசிய வீடு; மேலே வைக்கோல் கூரை. 1709 பிப்ரவரி 9 இரவு அது மொத்தமும் எரிந்தது. பின்னாளில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அப்போது ஐந்து வயதுப் பையன், மாடி ஜன்னலில் தனியாக நின்றான். ஏணிக்கு ஓட நேரமில்லை; ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அவனை இறக்கினார்கள், கொஞ்ச நேரத்தில் கூரை உள்ளே விழுந்தது. 'அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி' என்ற பைபிள் வசனம் (சகரியாவின் புத்தகத்தில் வருவது) அவரோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்று நிற்பது, ஜானின் தந்தையும் ஊர்க் குருவுமான சாமுவேல் வெஸ்லி ஒரு வருஷத்துக்குள் எழுப்பிய வீடு. சூடு கண்டவர் அல்லவா, சுவரைச் செங்கல்லிலேயே கட்டினார். இரண்டு தளம், கூரையடியில் மச்சு அறைகள், வரிசை பிசகாத உயரமான ஜன்னல்கள் என்று ஆன் அரசியின் காலத்துப் பாணி அப்படியே தெரியும். அந்தக் கால இங்கிலாந்தில் குருமனையைக் கட்டுவதும் காப்பதும் அங்கே குடியிருக்கும் குருவின் பொறுப்பு. செலவு ஏறக்குறைய 400 பவுண்டு. 1705-இலேயே கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு வந்த மனிதர்! வெளியே கம்பீரமாக நின்ற வீட்டில், பல வருஷம் கழித்தும் தட்டுமுட்டுச் சாமான் பாதிகூடச் சேரவில்லை.

சரி, நான் எழுத வந்தது அடுக்களையைப் பற்றி.

1711 கடைசியில் சாமுவேல் திருச்சபை மாமன்றத்துக்காக லண்டன் போயிருந்தார். மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் 'டேனிஷ் மிஷனரிகள்' பற்றிய புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்து அம்மா சூசன்னாவுக்கு வாசித்துக் காட்டினாள். பல நாள் தனக்கு வேறு நினைவே ஓடவில்லை என்று 1712 பிப்ரவரி 6 அன்று சூசன்னா கணவருக்கு எழுதினார். தான் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று தோன்றியதாம். அப்புறம்தான் பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேச ஆளுக்கொரு மாலை ஒதுக்கினார், வியாழன் ஜானுடையது. வீட்டாருக்காக அடுக்களையில் நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் 200-ஐத் தாண்டியது. உதவி குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். நிறுத்தச் சொல்லி யோசனை சொன்னால் போதாது, நேரடியாகக் கட்டளையிடுங்கள் என்று சூசன்னா கணவருக்குப் பதில் எழுதினார். எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த ஆள் இவர்தான்.

அந்த 'டேனிஷ் மிஷனரிகள்' யார்? டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர்களான சீகன்பால்கும் புளூட்சோவும். 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியவர்கள். தமிழ் வாத்தியார் ஒருவரைப் பள்ளிப் பிள்ளைகளோடு வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் பழகியவர்கள். எங்கள் கடற்கரையிலிருந்து போய்ப் புத்தகமான அவர்களுடைய கடிதங்கள்தான் உங்கள் அடுக்களையில் ஆள் சேர்த்திருக்கின்றன. அந்தக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த எட்டு வயது ஜான் பின்னாளில் தொடங்கிய இயக்கம் பிறகு இங்கேயே வந்தது: 1814-இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையில் இறங்கினார்கள், அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து 1817-இல் சென்னைக்கு வந்தார்.

அதனால் கேட்கிறேன். அடுக்களைச் சுவரில் தரங்கம்பாடி என்ற பெயர் தமிழிலேயே இருக்க வேண்டும். 'டேனிஷ்' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் கோபன்ஹேகனைத்தான் நினைப்பார். 1716 கடைசியில் மச்சில் தட்டித் தொந்தரவு செய்த ஜெஃப்ரி பேய்க்கு எவ்வளவு பேச்சு! அதில் கால்வாசி இந்த ஊருக்குக் கிடைத்தால் போதும்.

பெரிதாக எதுவும் வேண்டாம். ஊர்ப்பெயர், 1706, எமிலி வாசித்த அந்த மாலை பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டுப் பலகைகளில் தமிழ் எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமும் சிதறிக் கிடப்பதை நிறையப் பார்த்தாயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டிவிடுங்கள்.